யுகுலேலே ஸ்ட்ரிங் மாத்தும்போது உங்களுக்கு நடந்த, இன்னும் மறக்காத ஒண்ணு

#1

ஒரு வாரமா மனசுல இதே ஓடிட்டு இருக்கு, எழுதிடறேன். என்னோடது கான்சர்ட் சைஸ் யுகுலேலே, குட்டி கிட்டார் மாதிரி நாலு ஸ்ட்ரிங், வாங்கினப்போ இருந்த ஸ்ட்ரிங்கே ரெண்டு வருஷம் ஓடிச்சு, அடிப்பக்கம் நகத்தை வச்சு இழுத்தா ஃப்ரெட் (கழுத்துல குறுக்கே இருக்கற உலோகக் கம்பி) படற எடத்துல எல்லாம் பள்ளம் தட்டுப்படும், சரி மாத்திடலாம்னு புது செட் எடுத்தேன். ஏ, ஈ, சி மூணும் போட்டாச்சு. கடைசியா ஜி. மேல மெல்லிசா கம்பி சுத்தின ஸ்ட்ரிங்கா இருந்துச்சு, அப்பவே யோசிச்சிருக்கணும். சுருதி காட்டற ட்யூனரை மாட்டிட்டு முறுக்கறேன், ஜி-னு பச்சை லைட் எரியுது, ஆனா காது ஒத்துக்கல, பழைய ஜி ஈ-க்கும் ஏ-க்கும் நடுவுல கேக்கும்ல, இது சி-க்கும் கீழ எங்கயோ அடியில கெடக்கு. இன்னும் ஏத்தணும் போலன்னு ஏ, பி, சி எல்லாம் தாண்டி போயிட்டே இருக்கேன். ஸ்ட்ரிங்கை முறுக்கற பெக் இறுகிப் போயி திருப்பவே முடியல, அது விரலுக்குத் தெரியுது, ஆனா நான் ட்யூனரையே பாத்துட்டு இருக்கேன். பட்டுனு ஒரு சத்தம். சுருள் பிரிஞ்ச கம்பி நுனி புறங்கையில கோடு போட்டுட்டு போச்சு. அப்புறம் கவரைத் திருப்பினா ஓரத்துல சின்னதா லோ ஜி-னு இருக்கு.

கீறல் ஆறிடுச்சு. ஆனா இப்ப பெக்கைத் தொட்டாலே முகம் தானா அந்தப் பக்கம் திரும்பிடுது. வேற யாருக்காவது இப்படி ஆச்சா?

#2

எனக்கு எதுவும் அறுந்து போகல, அதனாலதான் என்ன தப்புன்னு தெரியறதுக்கு நாலு மாசம் ஆச்சு.

ஃப்ரெட் போர்டைத் துடைக்கலாம்னு நாலு ஸ்ட்ரிங்கையும் ஒரே நேரத்துல கழட்டினேன், துணியோட கவுத்துப் பிடிச்சப்போ ஸ்ட்ரிங்கை உடம்புல பிடிக்கற பிரிட்ஜ்ல, ஸ்ட்ரிங் மேல ஏறி உக்கார்ற சேடில் டொக்குனு மேசையில விழுந்துச்சு. வெள்ளையா, சின்ன விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. எடுத்து பள்ளத்துல வச்சேன், கச்சிதமா உக்காந்துச்சு, புது ஸ்ட்ரிங்கையும் போட்டுட்டேன். அன்னைக்கில இருந்து சி ஸ்ட்ரிங் சும்மா தட்டினா சரியா இருக்கும், மேல போகப் போக சுருதி ஏறும், 12ஆவது ஃப்ரெட்ல காது கூசும். என் விரல்தான் அழுத்தி இழுக்குது போலன்னு விடாம விரலையே திருத்திட்டு இருந்தேன், பிடிச்ச ஒரு பாட்டைக்கூட வாசிக்கறத விட்டுட்டேன். ஒரு நாள் தோழி கையில வாங்கிப் பாத்தா, வாசிக்கக்கூட இல்ல, "ஏய், சேடிலைத் திருப்பிப் போட்டிருக்கடி"ன்னா. ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் ஒவ்வொரு அளவுல உச்சி வெட்டின சேடில் அது, எந்தப் பக்கம் எதுன்னு இருக்கு. அந்த நாலு மாசத்தை நெனச்சா இப்பவும் மனசு ஆறல.

#3

முதல்ல எழுதினவருக்கு ஒண்ணு சொல்லணும், லோ ஜி-யைப் பாத்து பயப்படாதீங்க, அதுல எந்தத் தப்பும் இல்ல. ட்யூனர் எழுத்தைத்தான் காட்டும், எந்த ஆக்டேவ், அதாவது எந்த ஸ்தாயின்னு நிறைய ட்யூனர் காட்டாது. ஹை ஜி 392 ஹெர்ட்ஸ், லோ ஜி சரியா பாதி, 196. அதே ஸ்ட்ரிங்கை ஒரு ஆக்டேவ் மேல ஏத்தணும்னா இழுவிசை நாலு மடங்கு வேணும், எந்த ஸ்ட்ரிங்கும் தாங்காது. உங்க காது சொன்னது சரிதான், ஸ்ட்ரிங்தான் வேற.

என் கதை சின்னது. லோ ஜி போட ஆசைப்பட்டு, தடிமனா இருக்கே, நட்டுல (கழுத்து மேல்நுனியில ஸ்ட்ரிங்குக்குப் பள்ளம் வெட்டின துண்டு) சரியா உக்காரலையேன்னு அரத்தை எடுத்து அந்தப் பள்ளத்தை அகலமாக்கிட்டேன். ஆறு மாசம் கழிச்சு ஹை ஜி-க்கே திரும்பினப்போ மெல்லிசு ஸ்ட்ரிங் பள்ளத்துல லொடலொடன்னு ஆடி, சும்மா தட்டினாலே இரையுது. நட்டையே மாத்த வேண்டியதா போச்சு.

இப்ப புதுசா மாத்தறவங்களுக்கு. ஒவ்வொண்ணா கழட்டி ஒவ்வொண்ணா போடுங்க, சேடில் விழாது, எது எங்கன்னும் குழம்பாது. ஹை ஜி செட்ல தடிமனானது சி தான், ஓரத்துல இருக்கற ஜி இல்ல, கிட்டார்ல இருந்து வர்றவங்க வரிசையா தடிமன்படி போட்டுடறாங்க. செட் வாங்கும்போது சைஸைப் பாருங்க, சொப்ரானோ ஸ்கேல், அதாவது நட்டுல இருந்து சேடில் வரைக்கும் நீளம், 13 அங்குலம் கிட்ட, கான்சர்ட் 15, டெனார் 17, பாரிட்டோன்னா ட்யூனிங்கே வேற, டி ஜி பி ஈ. கட்டற மாதிரி பிரிட்ஜா இருந்தா ஸ்ட்ரிங் வால் கடைசியா மடங்கற எடம் பிரிட்ஜோட பின்பக்க விளிம்புக்குக் கீழ இருக்கணும், மேலயே விட்டா உருவிக்கும். பெக்ல ரெண்டு மூணு சுத்து போதும். மீதி வாலை உடனே வெட்டாதீங்க, ரெண்டு நாள் நிக்குதான்னு பாத்துட்டு வெட்டுங்க. புது ஸ்ட்ரிங் நீளும், முதல் சில நாள் எடுத்த உடனே சுருதி எறங்கித்தான் இருக்கும், 12ஆவது ஃப்ரெட் கிட்ட விரலால மெதுவா தூக்கி தூக்கி விட்டா கொஞ்சம் சீக்கிரம் அடங்கும், வெடுக்குனு இழுக்காதீங்க. நட்டுல சிக்கி சிக்கி ஏறுதுன்னா பள்ளத்துல பென்சிலைத் தேய்ங்க, கிராஃபைட் வழுக்கிக் குடுக்கும். ஸ்ட்ரிங் வகைன்னா என்னைக் கேட்டா ஃப்ளோரோகார்பன்னு ஒரு பிளாஸ்டிக் வகை, கண்ணை மூடிட்டு போடலாம், சத்தம் தெளிவா வரும், வேற எதுவும் யோசிக்க வேண்டியதில்ல.

#4

சொல்லித் தர்றவன் நான். வகுப்புக்கு வர்ற பையன் ஒருத்தன், வீட்ல யாரோ மிச்சம் இருந்த கிட்டார் ஸ்டீல் ஸ்ட்ரிங்கை அவன் யுகுலேலேல மாட்டிக் குடுத்துட்டாங்க. நல்லா பளிச்சுனு கேக்குது சார்னு சந்தோஷமா வாசிச்சுக் காட்டினான். கழட்டிடுப்பான்னு சொன்னேன், அவன் வகுப்பு முடியட்டும் சார்னான், சரின்னு விட்டுட்டேன். அடுத்த நாள் கொண்டு வந்தப்போ பிரிட்ஜ் தனியா ஸ்ட்ரிங்ல தொங்கிட்டு இருந்துச்சு, கீழ மேல்பலகையில இருந்து மரம் சிலாம்பு சிலாம்பா பிஞ்சு. நைலான் இழுவைக்குன்னு மெல்லிசா செஞ்ச பலகை அது. அவன் ஒண்ணும் பேசல, ரெண்டு கையிலயும் ஏந்திட்டு நின்னான். அன்னைக்கே என் கையால கழட்டியிருக்கணும்.

#5

மூணாவதா எழுதின ப்ரோ, மத்தது எல்லாம் சரி, ஆனா ஃப்ளோரோகார்பனை கண்ணை மூடிட்டு போடுங்கன்னு சொல்றது சரியில்ல. நான் அப்படித்தான் போட்டேன். என்னோடது சொப்ரானோ, பிரிட்ஜ்ல கட்டற வேலை கிடையாது, ஸ்ட்ரிங் நுனியில முடிச்சு போட்டு வெட்டுக்குள்ள செருகணும். ஃப்ளோரோகார்பன் நைலானை விட அடர்த்தி அதிகம், ஒரு கன சென்டிமீட்டருக்கு நைலான் 1.15 கிராம் கிட்டன்னா இது 1.78 கிட்ட, அதனால அதே சுருதிக்கு மெல்லிசா இருந்தாலே போதும். ஆனா வெட்டு நைலான் தடிமனுக்கு அறுத்தது ஆச்சே. ஏ ஸ்ட்ரிங் ராத்திரி பதினோரு மணிக்கு சுருதிக்கு வந்து, அப்பாடான்னு கீழ வைக்கறேன், டப்புனு முடிச்சு வெட்டு வழியா வெளிய வந்துடுச்சு. மறுபடி போட்டேன், மறுபடி வந்துச்சு. மூணாவது தடவை எட்டு வடிவத்துல முடிச்சு போட்டு, அதுக்குள்ள இன்னொரு சுத்து விட்டு, எச்சில் தொட்டு இழுத்து இறுக்கினேன். முடிச்சு மிளகு அளவுக்கு உருண்டையா வந்துச்சு, அதுதான் நின்னுது, இப்ப வரைக்கும் நிக்குது.

சத்தம் பத்தியும் சொல்றேன். ஃப்ளோரோகார்பன் தெளிவுதான், ஆனா என் சின்ன யுகுலேலேல அது கண்ணாடி மாதிரி கேட்டுச்சு. அக்விலா நைல்கட் போட்டப்போ அதே மரம் வாய் திறந்த மாதிரி இருந்துச்சு. நைலான் வர்றதுக்கு முன்னாடி குடல் நரம்புதானே போட்டாங்க, அந்தக் குடல் நரம்புச் சத்தத்துக்காகன்னே செஞ்சது நைல்கட். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒண்ணு ஒத்துப் போகும், போட்டுத்தான் பாக்கணும்.

#3

ஒத்துக்கறேன் ப்ரோ, முடிச்சு விஷயம் எனக்குத் தோணல, என்னோடது எல்லாம் கட்டற பிரிட்ஜ். கண்ணாடி மாதிரின்னு சொன்னதை மட்டும் ஒத்துக்க மாட்டேன், டெனார்ல ஒரு தடவை கேட்டுட்டு சொல்லுங்க.

#1

எல்லாருக்கும் நன்றி. நேத்து ஹை ஜி தனியா ஒண்ணு வாங்கிப் போட்டேன். ட்யூனர் மாட்டறதுக்கு முன்னாடி ஈ-யை மூணாவது ஃப்ரெட்ல அழுத்தி தட்டினேன், அதுதானே ஜி, அந்தச் சத்தத்தைக் காதுல வச்சுட்டு வாயால முனகிட்டே ஏத்தினேன். பாதியில முகம் திரும்பத்தான் செஞ்சுது. ரெண்டும் ஒண்ணா சேர்ந்தப்போ ஈ-யை விட்டுட்டு ஜி-யை மட்டும் தட்டினேன், அப்புறம்தான் ட்யூனரை மாட்டினேன், பச்சை. காலையில பாத்தா அரை சுருதி எறங்கியிருக்கு, திரும்ப ஏத்தி வச்சிருக்கேன். வாலை இன்னும் வெட்டல.