மறு: ஆன்டிஃபவுலிங் பெயிண்டுக்குத் தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய மரப்படகைச் செப்பனிடும் கையேட்டில் இந்த ஒரு சொல்லால் ஆறாம் அத்தியாயம் நிற்கிறது: படகின் நீருக்கடிப் பகுதியில் கடல் உயிர்கள் ஒட்டி வளராதிருக்கப் பூசும் ஆன்டிஃபவுலிங் பெயிண்டுக்கு என்ன பெயர் வைப்பது? வந்த யோசனைகளை வரிசையாகப் பார்த்துவிடுகிறேன்.

> 'கறை எதிர்ப்பு வண்ணம்' என்று போட்டால் நேரடியாக இருக்குமே?

நேரடிதான். ஆனால் படிப்பவர் வீட்டுச் சுவரை நினைப்பார். சுவருக்கு அப்படி ஒரு பெயிண்ட் விற்கவும் செய்கிறது. நம் சங்கதி கறை அல்ல, நீருக்கடியில் படகின் உடம்பில் ஒட்டி வளரும் உயிர்கள்: பாசி, கொட்டலசு (பார்னக்கிள்), குழாய்ப்புழு. 'வண்ணம்' என்பதும் வேண்டாம். தண்ணீருக்குள் நிறத்தை யார் பார்க்கிறார்கள்? பூச்சு என்றே வைக்கலாம்.

> படகின் அடியில் பூசுவதால் 'அடிப்பூச்சு'.

அழகான சொல். அதனாலேயே ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டது. மற்றப் பூச்சுகளுக்கு முன் பூசும் பிரைமருக்கு அதைத்தான் சொல்கிறோம். வேலை நடக்கும் வரிசையைப் பாருங்கள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பது பெரும்பாலும் அப்போதுதான். முதலில் சுரண்டல். கொட்டலசின் ஓட்டைத் தட்டிவிட்டாலும் அதன் அடித்தட்டு வெள்ளை வட்டமாகப் பலகையிலேயே தங்கிவிடும். அதையும் எடுக்காமல் மேலே பூசினால் புதுப்பூச்சு அந்த இடத்திலிருந்துதான் உரியத் தொடங்கும். அப்புறம் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து நீர் புகாமல் அடைக்கும் கலப்பத்து, காயவிட்டுப் பிரைமர், நீர்மட்டத்துக்கு மேலே எனாமல். எல்லாம் முடிந்து, படகைத் தண்ணீரில் இறக்குவதற்குச் சற்று முன் பூசுவதுதான் நாம் பெயர் தேடும் பூச்சு. கடைசியாகப் பூசுவதற்கு 'அடிப்பூச்சு' என்று பெயர் வைத்தால், கையேட்டைப் பார்த்து வேலை செய்பவர் டப்பாவை மாற்றித் திறந்துவிடுவார்.

(இடைச்செருகல்: எனாமலா, இரண்டு டப்பா கலக்கும் பாலியூரித்தேனா என்று ஒருவர் கேட்டிருந்தார். பலகை பலகையாகச் சேர்த்த பழைய படகென்றால் எனாமல்தான். மரம் ஊறும், காயும், இடுக்கு அசையும். பாலியூரித்தேனின் கெட்டியான படலம் இடுக்கு நெடுக வெடித்துவிடும். ஃபைபர் படகுக்கு வேறு கணக்கு.)

> உள்ளதைச் சொல்வோம்: 'நச்சுப்பூச்சு'.

நேர்மையான யோசனை. ட்ரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சுகளின் கதை நினைவிருப்பவர்கள் இதையே விரும்புவார்கள். பிரான்சின் ஆர்கஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு தடித்து உருக்குலைந்தபின், அந்நாடு 1982-ல் சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது. அதைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2001-ல் நிறைவேறி 2008-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இன்று பரவலாக இருப்பது செம்பு ஆக்சைடு. அதுவும் நஞ்சுதான், பழைய பூச்சை உலரத் தேய்க்காதீர்கள், நனைத்துத் தேயுங்கள் என்ற எச்சரிக்கை கையேட்டில் தடித்த எழுத்தில் வரவேண்டும். ஆனால் நஞ்சே இல்லாத சிலிகோன் பூச்சும் உண்டு. அதில் உயிர்கள் இறுகப் பற்ற முடியாது. படகு ஓடும் வேகத்தில் வழுக்கி விழுந்துவிடும். பொதுப்பெயர் அதையும் உள்ளடக்க வேண்டாமா?

'பற்றுவிலக்கி' எனக்குப் பிடித்திருந்தது. பத்துப் பாத்திரத்தில் இருக்கும் அதே பற்று. ஆனால் டப்பாவின் மேல் எழுதினால் ஏதோ துறவியின் பட்டப்பெயர் போல இருக்கிறது.

என் யோசனை 'பாசிவிலக்குப் பூச்சு'. கொட்டலசு பாசியில்லையே என்று விலங்கியல் அன்பர்கள் வருவார்கள். கொசுவலை ஈயையும்தான் தடுக்கிறது. யாரும் பெயரை மாற்றவில்லை. படகுக்காரர் காதில் விழுந்தவுடன் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியம் உட்பிரிவுகளுக்குப் பெயர். 'தடுப்பு' என்று முடியும் சொற்களை நான் தவிர்ப்பதற்கும் இதுவே காரணம். தடுப்பு என்றால் சுவர் மாதிரி அசையாமல் நிற்பது என்று தோன்றும். செம்புப் பூச்சோ கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை இழந்தால்தான் வேலை செய்யும். 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' கப்பலின் அடிக்குச் செம்புத் தகடு அடித்தது. தகடு அரிக்கிறதே என்று 1824-ல் வேதியியலர் ஹம்ஃப்ரி டேவி அதனுடன் இரும்பு, துத்தநாகத் துண்டுகளை இணைத்துப் பார்த்தார். அரிப்பு நின்றது. கூடவே பாசியும் கொட்டலசும் குடியேறிவிட்டன! செம்பு கரைந்ததுதான் அதுவரை அவற்றை விரட்டியிருக்கிறது. கடற்படை அந்த ஏற்பாட்டையே கைவிட்டது.

ஆகவே, படலம் அப்படியே இருக்க நஞ்சு மட்டும் கசியும் வகைக்குக் 'கெட்டிப்பூச்சு'. படலமே நீரோட்டத்தில் தேயும் வகைக்குத் 'தேய்பூச்சு'. சிலிகோன் வகைக்கு 'வழுக்குப்பூச்சு'. 'கரைபூச்சு' என்றும் யோசித்தேன். கடற்கரையில் பூசுவதா என்று கேட்பார்கள். தேய்பிறை தெரிந்தவருக்குத் தேய்பூச்சு புரியும். வினைத்தொகை என்பதால் இடையில் ப் போடாதீர்கள்.

தேய்பூச்சில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: முதல் கைக்கு (முதல் தடவைப் பூச்சுக்கு) சிவப்பு, அடுத்த கைகளுக்குக் கறுப்பு. கறுப்பினூடே சிவப்பு தெரிந்தால் மறுபடி பூசும் காலம் வந்துவிட்டது. அந்த முதல் கைக்குச் 'சாட்சிப்பூச்சு' என்று எழுதியிருக்கிறேன். நீர்மட்டத்திலும் சுக்கானிலும் தேய்மானம் அதிகம், அங்கே ஒரு கை கூடுதல்.

ஒன்று விட்டுப்போனது. அன்றாடம் மணலில் ஏற்றிவைக்கும் ஃபைபர் படகுக்கு இந்த அத்தியாயமே தேவையில்லை; துறைமுகத்தில் மிதந்தபடியே கிடக்கும் படகுகளுக்குத்தான். அலுமினிய உடம்பில் செம்பு ஆக்சைடுப் பூச்சு கூடவே கூடாது, உலோகத்தை அரித்துவிடும். இவ்விரண்டையும் அத்தியாயத்தின் தலையிலேயே போட்டுவிடலாம்.

மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். நீர்மட்டத்தை ஒட்டித் தீட்டும் 'பூட் டாப்' கோட்டுக்கு 'நீர்மட்டப் பட்டை' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். துறைமுகப் பக்கம் இருப்பவர்கள் அங்கே அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டுச் சொன்னால் அதையே போட்டுவிடுவேன்.