வீட்டிலேயே ஈஸ்டர் முட்டை வேட்டை: மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை ஆறு பிள்ளைகள், எப்படிச் சமாளிப்பது?

பாளைக்காரி (கோவென்ட்ரி)

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஈஸ்டருக்கு வீட்டில் முட்டை வேட்டை வைக்கிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லியாகிவிட்டது, இனிப் பின்வாங்க முடியாது. எங்கள் ஊரில் ஈஸ்டர் என்றால் விடிவதற்கு முன்னால் எழுந்து ஆராதனைக்குப் போவது, வந்து பிரியாணி, மத்தியானம் தூக்கம், அவ்வளவுதான். முட்டையை ஒளித்துவைத்துத் தேடுவதெல்லாம் நான் இங்கே வந்து பார்த்தது, அதுவும் பூங்காவில் டிக்கெட் போட்டு யாரோ நடத்தியதைத்தான்.

வரப்போகிறவர்கள்: என் மகள் 9, மகன் 4, நாத்தனார் மகள் 6, பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பையன்கள் இரண்டு பேர் 7, 10 (சின்னவனுக்குக் கடலை, முந்திரி, பாதாம் மாதிரிப் பருப்பு வகை அலர்ஜி, மருந்து ஊசி எப்போதும் கூடவே இருக்கும்), அப்புறம் தோழியின் 3 வயதுக் குழந்தை, அவர்கள் வீட்டில் முட்டைகூடத் தொடமாட்டார்கள். வீடு வரிசை வீடு, கீழே ஒரு ஹாலும் சமையலறையும், மேலே மூன்று அறை, பின்னால் ஒல்லியாக நீளமாக ஒரு தோட்டம், கடைசியில் ஷெட்.

என் கவலை மூன்று. பெரியவன் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவான், சின்னதுகள் அழும். மழை வந்தால் என்ன செய்வது. அப்புறம் காலையில் 10 மணிக்கு சர்ச், அதற்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா. நடத்தியவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.

---

லெஸ்டர் அக்கா

தங்கச்சி, முதலில் நேரத்தை முடிவுபண்ணு. 2027 ஈஸ்டர் மார்ச் 28, அன்றைக்குத்தான் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள். நீ ஏழு மணி என்று எழுந்தால் உடம்புக்கு அது ஆறு. அந்த அரைத்தூக்கத்தில் முட்டை ஒளித்து, ஆறு பிள்ளைகளை ஓடவிட்டு, முடித்துக் குளிப்பாட்டி 10 மணிக்கு சர்ச்சில் உட்காரவைப்பது நடக்கிற காரியம் இல்லை. மத்தியானம் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு வை. அன்றிலிருந்து ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை.

பெரியவன் அள்ளிக்கொண்டு போகிற பிரச்சினைக்கு ஒரே மருந்து, ஆளுக்கு ஒரு நிறம். இரண்டாகத் திறக்கிற பிளாஸ்டிக் முட்டை கலர் கலராகப் பாக்கெட்டில் கிடைக்கும். உன் மகளுக்கு ஊதா என்றால் அவள் ஊதாவை மட்டும்தான் எடுக்கலாம், வேறு நிறம் கண்ணில் பட்டால் தொடக்கூடாது, மூச்சுவிடக்கூடாது, பார்க்காத மாதிரி நகர்ந்துவிட வேண்டும். இந்த "மூச்சுவிடாதே" விதிதான் பெரிய பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கிறது, ஏதோ ரகசியப் போலீஸ் ஆன நினைப்பு வந்துவிடும். நிறம் ஐந்துதான் வந்தது என்றால் ஆறாவது ஆளுக்கு முட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிவிடு. ஆளுக்கு எட்டு போதும். மொத்தம் 48 ஆகிவிடும், அதை ஒளித்து முடிப்பதற்குள்ளேயே இடுப்பு ஒடிந்துவிடும்.

நிறம் பிரித்துவிட்டால் ஒளிப்பதும் சுலபம். மூன்று, நாலு வயதுக்காரர்களின் முட்டையை ஒளிக்கவே வேண்டாம், புல்லில், படியில், சோபா மேல் என்று அவர்கள் முழங்கால் உயரத்தில் பாதி தெரிகிற மாதிரி வை. ஆறு, ஏழு வயதுக்குப் பூந்தொட்டிக்குப் பின்னால், மழைக்கோட்டுப் பையில், குடைக்குள். ஒன்பது, பத்துக்கு நீ எவ்வளவு கெட்ட எண்ணத்தோடு வேண்டுமானாலும் வைக்கலாம்: டாய்லெட் பேப்பர் சுருளின் நடு ஓட்டையில், துவைத்து மடித்த காலுறைக்குள், கதவுக்கு மேல் சட்டத்தில் (கீழே இருந்து பார்த்தால் விளிம்பு மட்டும் தெரியும்).

ஒவ்வொன்றை வைத்தவுடனும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள். இல்லாவிட்டால் ஆகஸ்ட் மாதம் எறும்பு வரிசையைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் கடைசி முட்டையைக் கண்டுபிடிப்பாய். ரேடியேட்டர் பக்கத்தில் சாக்லேட் வேண்டாம். தோட்டத்தில் முந்தின இரவே வைக்கிற வேலையும் வேண்டாம், நரிக்கும் அணிலுக்கும் விருந்து வைத்தது போல ஆகிவிடும். பக்கத்து வீட்டு நாய் வேலி ஓட்டை வழியாக வருகிற பழக்கம் இருந்தால் சாக்லேட்டை வெளியே வைக்கவே வைக்காதே, நாய்க்கு அது விஷம். அந்த மாதிரி வீடுகளில் தோட்டத்து முட்டைக்குள் ஸ்டிக்கரும் காசும்தான்.

மழை வந்தால் வந்த வழி பார்ப்போம் என்று இருக்காதே. ஒவ்வொரு நிறத்திலும் பாதி வீட்டுக்குள், பாதி வெளியே என்று பட்டியல் எழுதி வை. மழை பெய்தால் வெளியே வைக்க இருந்ததை மாடிப்படியிலும் மேலே ஒரு அறையிலும் வைத்துவிடலாம். எந்த அறைக்குள் போகக்கூடாதோ அதன் கதவைச் சாத்தி ஒரு சிவப்புக் காகிதம் ஒட்டிவிடு. சமையலறையில் அடுப்புப் பக்கமும் மருந்து அலமாரிப் பக்கமும் எதுவும் வைக்காதே.

---

இரண்டு பிள்ளை அப்பா

அக்கா சொன்னதில் நிறம் பிரிப்பது ரொம்பச் சரி. ஆனால் பத்து வயதுப் பையனுக்கு எட்டு முட்டை எட்டு நிமிடம்கூடத் தாங்காது, அப்புறம் அவன் சும்மா நின்று சின்னவர்களைக் கலாய்ப்பான். பெரியவர்கள் இரண்டு பேருக்கும் துப்பு வைத்துப் புதையல் வேட்டை வையுங்கள். ஒரு துப்பு அடுத்த துப்பு இருக்கிற இடத்தைச் சொல்லும், கடைசித் துப்பு புதையலுக்குக் கொண்டுபோகும்.

துப்புக்கு இணையத்தில் கிடைக்கிற ஆங்கிலப் பாட்டுகளைப் பிரிண்ட் எடுக்கிறார்கள், எல்லாம் ஒரே மாதிரி. நம்மிடம் விடுகதை கொட்டிக் கிடக்கும்போது அது எதற்கு? பாதி விடுகதைக்கு விடை வீட்டில் இருக்கிற சாமான்தான், துப்புக்கென்றே செய்துவைத்த மாதிரி. நான் வைத்த வரிசை இது:

"வெள்ளை மாளிகை, உள்ளே போக வாசல் இல்லை." முட்டை. ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்கு அடியில் அடுத்த சீட்டு.

"அடிக்காமல் திட்டாமல் அழவைப்பான்." வெங்காயக் கூடை.

"ஊரெல்லாம் சுற்றுவான், வீட்டுக்கு வந்தால் வாசலோடு நிற்பான்." செருப்பு அலமாரி. அப்பாவின் பழைய ஷூவுக்குள் கைவிட வேண்டும், அதுவே ஒரு தண்டனை.

"கழுத்து உண்டு தலை இல்லை, கை உண்டு விரல் இல்லை." சட்டை. துணி காயப்போடுகிற ஸ்டாண்டில் ஏதோ ஒரு சட்டைப் பையில்.

"உடம்பெல்லாம் பல், ஒருவரையும் கடிக்கமாட்டான்." சீப்பு.

"நாலு கால் உண்டு, நடக்கத் தெரியாது." இதுதான் சிறந்தது, ஏனென்றால் வீட்டில் நாற்காலி, மேசை, கட்டில், ஸ்டூல் என்று எல்லாவற்றுக்கும் நாலு கால். ஒவ்வொன்றாகக் குப்புறக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், நமக்கு ஒரு டீ குடிக்க நேரம் கிடைக்கும்.

ஆறேழு துப்புக்கு மேல் போகாதீர்கள். முதல் துப்பை மட்டும் கையில் கொடுங்கள், மற்றவற்றைப் பின்னாலிருந்து முன்னால் வையுங்கள், அதாவது புதையலிலிருந்து தொடங்கி. முன்னாலிருந்து வைத்தால் எந்தச் சீட்டு எங்கே என்று நமக்கே குழம்பிவிடும்.

---

பாளைக்காரி

அண்ணா, விடுகதை யோசனை அருமை. ஆனால் பெரிய பையன் பக்கத்து வீட்டுக்காரன், அவனுக்குத் தமிழ் தெரியாதே? என் மகள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்.

---

இரண்டு பிள்ளை அப்பா

அது இன்னும் நல்லது. இரண்டு பேரையும் ஒரே அணியாகப் போடுங்கள். உங்கள் மகள் எழுத்துக்கூட்டிப் படித்து அவனுக்கு ஆங்கிலத்தில் சொல்லட்டும், அவன் மூளையைக் கசக்கட்டும். அவள் இல்லாமல் அவனுக்கு வழி தெரியாது, அவன் இல்லாமல் கதவுச் சட்டம் அவளுக்கு எட்டாது. யாரும் யாரையும் முந்திக்கொண்டு ஓட முடியாது. பெரிய எழுத்தில் எழுதுங்கள், ஒரு சீட்டுக்கு ஒரு வரிதான்.

---

ஸ்டுட்கார்ட் மாமா

பிள்ளை, நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஜெர்மனியில் இருக்கிறம், இந்த விளையாட்டு இங்கேதான் பழசு. 1682-இலேயே ஹைடெல்பெர்க்கில் கேயார்க் ஃபிராங்க் என்ற மருத்துவர் இதைப் பற்றி லத்தீனில் எழுதியிருக்கிறார்: முயல் முட்டை போட்டுத் தோட்டத்துப் புல்லுக்குள் ஒளித்து வைக்கும் என்று பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் தேடி எடுப்பார்கள் என்று. அவித்த முட்டையை உப்பில்லாமல் கனக்கத் தின்று வயிற்றைக் கெடுக்கிறார்கள் என்றும் அந்த மனுஷன் குறைப்பட்டிருக்கிறார். இங்கிலாந்தில் பிறகு மகாராணியான விக்டோரியா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, 1833-இல், அவவின் அம்மா முட்டைக்குச் சாயம் பூசி ஒளித்து வைத்ததை டயரியில் எழுதி வைத்திருக்கிறா. அந்த அம்மா ஜெர்மன்காரி. சாக்லேட் முட்டை அதற்கெல்லாம் பிறகு வந்தது, பிரிட்டனில் ஃப்ரை கம்பெனி 1873-இல் செய்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிளாஸ்டிக் முட்டை இல்லாமலும் வடிவாகச் செய்யலாம். வெங்காயத்தின் மேல் தோல் சருகை இப்போதிருந்தே ஒரு பையில் சேர்த்து வையுங்கள், நம்முடைய சமையலுக்கு அது ஒரு கிழமையில் நிறைந்துவிடும். அந்தச் சருகைத் தண்ணீரில் போட்டு ஒரு அரை மணித்தியாலம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். பச்சை முட்டையின் மேல் ஒரு கொத்தமல்லி இலையை ஈரத்தோடு விரித்து ஒட்டி, பழைய நைலான் ஸ்டாக்கிங் துண்டால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். அந்தச் சாயத்தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர் விட்டு, முட்டைகளை வைத்துப் பத்து நிமிடம் அவியுங்கள், பிறகு அப்படியே கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். அவிழ்த்தால் முட்டை செம்மண் நிறத்தில் இருக்கும், இலை இருந்த இடம் நரம்பு நரம்பாக வெளிறித் தெரியும். துணியில் ஒரு துளி எண்ணெய் தொட்டுத் துடைத்தால் மினுங்கும். வெள்ளைக்கோது முட்டை கிடைத்தால் நிறம் நன்றாக எடுக்கும், பழுப்பு முட்டையென்றால் இன்னும் கடுமையாக வரும்.

உண்மை முட்டையைத் தேட வைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் கிடந்ததைத் தின்னக் கொடுக்க வேண்டாம். கோது வெடித்ததை ஒளிக்கவே வேண்டாம்.

இங்கே கனபேர் முட்டையைத் தனித்தனியாகச் சிதறி வைக்காமல், பிள்ளைக்கு ஒரு கூடு என்று வைப்பார்கள். சின்னக் கூடையில் கொஞ்சம் வைக்கோல், இரண்டு நிற முட்டை, ஒரு சாக்லேட் முயல், ஒரு சின்னப் பரிசு. ஆளுக்கு ஒன்றுதான், ஆனால் கெதியாகக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில். முடிந்தபிறகு முட்டையோடு முட்டை மோதுகிற போட்டி. இரண்டு பேர் ஆளுக்கொரு அவித்த முட்டையைக் கூர்ப்பக்கம் தெரியப் பிடித்துத் தட்டுவது, உடையாத முட்டைக்காரர் அடுத்த ஆளோடு மோதுவார். எங்கள் வீட்டில் அப்பம்மாதான் ஒவ்வொரு வருஷமும் வெல்கிறா, எப்படிப் பிடிக்கிறா என்று யாருக்கும் சொல்லமாட்டா.

---

ஊசியும் கையுமாக

நான் அலர்ஜிப் பிள்ளையின் அம்மா, அதனால் அந்த ஒரு விஷயம் மட்டும்.

அந்தப் பையனுக்கு மட்டும் தனிச் சாக்லேட் வாங்கி, மற்றவர்களுக்குப் பருப்புப் போட்டதை வாங்காதீர்கள். திறந்த சாக்லேட்டோடு ஆறு பிள்ளைகள் ஓடும்போது யார் கை யார் வாயில் போகும் என்று சொல்ல முடியாது. எல்லோருக்குமே பருப்பில்லாதது வாங்குங்கள். பிரிட்டனில் அலர்ஜி தருகிற பொருள்களை உட்பொருள் பட்டியலில் தடித்த எழுத்திலோ வேறுவிதமாகத் தனித்துத் தெரியும்படியோ போட வேண்டும், அதைப் படியுங்கள், அதோடு "பருப்பு கலந்திருக்கலாம்" என்று கீழே தனியாக ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய சாக்லேட் பார் சாப்பிடலாம் என்பதால் அதே பெயரில் வருகிற ஈஸ்டர் முட்டையும் சரி என்று நினைக்க வேண்டாம், வேறு இடத்தில் தயாராகியிருக்கலாம், அட்டை வேறாக இருக்கும். வாங்கியபின் உறையைப் படம் எடுத்து அவன் அம்மாவுக்கு அனுப்பி, அவர் சரி என்று சொன்னபிறகு உள்ளே போடுங்கள். ஊசி எந்த மேசையில் இருக்கிறது என்று வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, மேலே யாரும் சொல்லவில்லை. சர்க்கரை ஓடு போட்ட சின்னச் சின்ன உருண்டை முட்டைச் சாக்லேட் நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். உங்கள் நாலு வயதுக்காரனுக்கும் நான் கொடுக்கமாட்டேன். அந்த மூன்று வயதுக் குழந்தையின் முட்டைக்குள் பெரிய ஸ்டிக்கர், முடி கிளிப், உலர்ந்த பழத் துண்டு ஏதாவது வையுங்கள். அவர்கள் சுத்த சைவம் என்றால் ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மெல்லோ இரண்டிலும் ஜெலட்டின் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

---

ஞாயிறு பள்ளி டீச்சர்

நல்ல பேச்சு நடக்கிறது. ஈஸ்டர் என்பது முயலோடு நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. பன்னிரண்டு முட்டைக்கு எண் போட்டு, ஒவ்வொன்றிலும் இயேசுவின் பாடுகளின், அதாவது அவர் சிலுவையில் பட்ட துன்பத்தின், கதையில் வருகிற ஒரு பொருளின் சின்ன உருவம்: கழுதை, வெள்ளிக்காசு, கிண்ணம், முள், ஆணி, பகடை, துணித்துண்டு, கல் என்று. பன்னிரண்டாவது முட்டையில் ஒன்றும் இருக்காது. எல்லாம் சேர்ந்தபிறகு எண் வரிசையில் திறந்து கதை சொல்லலாம். காலியான முட்டையை எடுத்த பிள்ளை "எனக்கு மட்டும் ஒன்றுமில்லை" என்று முகத்தைத் தொங்கப்போடும், அங்கேதான் கல்லறை காலியாக இருந்த கதையைத் தொடங்க வேண்டும். மற்ற மத வீட்டுப் பிள்ளைகள் வருவதால் இதைப் பெரிய வெள்ளியன்றே உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

---

பாளைக்காரி

அப்பாடா, இப்போதுதான் தைரியம் வந்தது. முடிவு இதுதான்: ஞாயிறு மூன்று மணி. ஆறு நிறம், ஆளுக்கு ஆறு முட்டை (எட்டு இல்லை அக்கா, என் இடுப்புக்கு அவ்வளவு தெம்பு இல்லை). பெரியவர்கள் இருவருக்கும் விடுகதைத் துப்பு, புதையல் ஷெட்டுக்குள், அதில் ஆறு பேருக்கும் பங்கு, அதனால் அவர்கள் கண்டுபிடித்தால்தான் சின்னவர்களுக்கும் கிடைக்கும். சாக்லேட் உறையைப் படம் எடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் பில் போடுவேன். வெங்காயச் சருகு இன்று பிரியாணிக்கு உரித்ததிலிருந்தே சேர்க்கத் தொடங்கிவிட்டேன், வீட்டுக்காரர் குப்பையை ஏன் பையில் கட்டி வைக்கிறாய் என்று கேட்கிறார்.

மாமா, ஒரே ஒரு சந்தேகம். சிவப்பு வெங்காயச் சருகும் பழுப்பு வெங்காயச் சருகும் கலந்து போடலாமா, தனித்தனியாகத்தான் வேண்டுமா?

---

ஸ்டுட்கார்ட் மாமா

கலந்தும் போடலாம் பிள்ளை. சிவப்பு கூடினால் நிறம் கொஞ்சம் கருஞ்சிவப்புப் பக்கம் போகும். பழைய பாத்திரத்தில் செய்யுங்கள், கறை பிடிக்கும்.