ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்: பிரைமரி சோர்ஸ், செகண்டரி சோர்ஸ்

நண்பர்களே,
ஆய்வு நெறிமுறைக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆராயும் பொருளிலிருந்து நேராகக் கிடைப்பது பிரைமரி சோர்ஸ், அதைப் பற்றிப் பிறர் எழுதியது செகண்டரி. வரைவில் 'முதல்தர ஆதாரம், இரண்டாந்தர ஆதாரம்' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி, "இரண்டாந்தரம் என்றால் மட்டம்தானே, அதை ஏன் படிக்கணும்?" என்று கேட்டுவிட்டார். வேறு சொல் உண்டா?

---

கையிலேயே இருக்கிறதே ஐயா! முதல்நூல், அதைப் பின்பற்றும் வழிநூல் என்று தொல்காப்பிய மரபியல் பிரித்துவிட்டது. இரண்டையும் ஓரளவு சார்ந்து வரும் சார்புநூலையும் சேர்த்து நன்னூல் மூன்றாக்கியது. முதற்சான்று, வழிச்சான்று, கலைக்களஞ்சியம் மாதிரியானவை சார்புச்சான்று.

---

> முதற்சான்று, வழிச்சான்று

அழகுதான், பொருந்தாது. மரபியலின் முதல்நூல் 'வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன்', அதாவது வினை நீங்கிய தெளிந்த அறிவுடையவன், கண்டது; அதில் பிழைக்கு இடமே இல்லை. ஆய்வாளர் கையில் இருப்பதோ கல்வெட்டின் தலையில் அரசன் புகழ் பாடி வரும் மெய்க்கீர்த்தி. வென்றதை வரிவரியாகச் சொல்லும், தோற்றதை விழுங்கிவிடும். அந்தக் காலத்திலேயே வெட்டியது என்பதால்தான் அதற்கு மதிப்பு, உண்மை பேசுகிறது என்பதால் அல்ல. 'மூலம்' போதும்.

---

மூலம் வடசொல். வகுப்பில் சொல்லிப் பாருங்கள், மருத்துவரிடம் போகச் சொல்வார்கள். சாட்சிக்குத் தமிழில் கரி. 'இந்திரனே சாலுங் கரி' என்கிறது குறள். அந்தச் 'சால்'தான் சான்றுக்கும் வேர். குறுந்தொகையில் தலைவன் மணந்த அன்று ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு என்ற பறவைகூட ஒரு கரிதான். 'முதற்கரி' என்பேன்.

---

அந்தக் குருகு வாய் திறக்காது ஐயா. பிள்ளைகள் அடுப்புக்கரி என்று படிப்பார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். தொல்காப்பியத்தை ஆராய்பவருக்கு நச்சினார்க்கினியர் உரை இரண்டாவது. உரைநடை எப்படி வளர்ந்தது என்று ஆராய்பவருக்கு அதே உரைதான் முதலாவது. நூல் அப்படியே இருக்கிறது, கேள்விதான் மாறியது. ஆகவே பிறப்பிலேயே ஒட்டிக்கொள்ளும் பெயர் ஆகாது. முதல்நிலைச் சான்று, இரண்டாம்நிலைச் சான்று என்று வையுங்கள். நிலை என்றால் மாறும். 'தரவு' மட்டும் வேண்டாம், அது சான்றிலிருந்து நாம் எடுப்பது.

---

முதல்நிலைக்கு என் ஓட்டும். வழிச்சான்று கேட்க நன்றாக இருந்தாலும், பொருள் சொல்ல ஒரு பத்தி வேண்டும்.

---

அனைவருக்கும் நன்றி. முதல்நிலை, இரண்டாம்நிலை என்றே அனுப்பிவிட்டேன். வழிச்சான்று அடிக்குறிப்பில் இருக்கிறது.

---

அடிக்குறிப்பிலா! சரி. சார்புச்சான்று பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.