தின் கிளையன்ட் லேப்: பின்வரிசை மட்டும் முதல் தடவை பூட் ஆக மறுக்கிறது (பிஎக்ஸ்இ-ஈ51)

பூண்டி லேப்:

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு பள்ளி லேப். உபுண்டு சர்வர் ஒன்று (16 ஜிபி ராம், எஸ்எஸ்டி), அதில் புது எல்டிஎஸ்பி (டிஸ்க் இல்லாத கணினிகளை நெட்வொர்க் வழியே பூட் செய்யும் மென்பொருள்). ஹார்ட் டிஸ்க் இல்லாத 20 கிளையன்ட்கள், தலா 4 ஜிபி ராம். ஐபி கொடுப்பது பிராட்பேண்ட் ரூட்டர். சர்வரில் டிஎன்எஸ்மாஸ்க், ப்ராக்சி டிஹெச்சிபி முறையில் (ஐபி கொடுக்காமல் பூட் தகவலை மட்டும் கொடுக்கும்). முன்வரிசை 11ம் புது கிகாபிட் ஸ்விட்சில் இருக்கின்றன. பின்வரிசை 9ம் ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய 24 போர்ட் ஸ்விட்சில்.

1. பின்வரிசை முதல் தடவை பிஎக்ஸ்இ-ஈ51 (நெட்வொர்க் பூட் பிழை) காட்டி நின்றுவிடும். அணைக்காமல் உடனே மறுபடி முயன்றால் சில சமயம் ஏறும்.
2. ஏறினாலும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் டெஸ்க்டாப் வர ஐந்தாறு நிமிடம். முன்வரிசையில் இந்தத் தொல்லை இல்லை.
3. புதிதாகச் சேர்த்த மாணவர் கணக்குகளை எந்த கிளையன்டும் ஏற்கவில்லை. பழைய கணக்குகள் சரி.

சர்வர் ராமை 32 ஆக்கலாமா என்று கேட்கிறார்கள். செலவு செய்யுமுன் கேட்டுக்கொள்கிறேன்.

குடந்தை கேபிள்:

ராமுக்குக் காசு போடாதீங்க சார். 2019ல் திருப்பி எழுதப்பட்ட எல்டிஎஸ்பியில் நிரல்கள் ஓடுவது கிளையன்டின் சொந்த சிபியு, ராமில்தான். சர்வர் இமேஜையும் (இயங்குதளம் முழுதும் அடங்கிய கோப்பு) ஹோம் ஃபோல்டரையும் கொடுக்கிறது, அவ்வளவே. முதல் கிளையன்ட் படித்த இமேஜ் பகுதி சர்வரின் கேஷில் தங்கிவிடும், அடுத்தவற்றுக்கு எஸ்எஸ்டியைத் தொடக்கூட வேண்டியிருக்காது.

ஈ51 என்றால் "ஐபி கேட்டேன், ஒருத்தரும் பதில் சொல்லவில்லை". ரூட்டர் மட்டும் பதில் சொல்லி சர்வர் சும்மா இருந்தால் ஈ53, அதாவது பூட் ஃபைல் பெயர் வரவில்லை. பெயர் வந்து, அந்த ஃபைலை இறக்கும் டிஎஃப்டிபி திறக்காவிட்டால் ஈ32. உங்களுக்கு ஈ51 என்பதால் டிஎன்எஸ்மாஸ்க் கான்ஃபிகில் கை வைக்கவே வேண்டாம். அது தப்பாக இருந்தால் முன்வரிசையும் படுத்திருக்கும்.

சர்வரில் டிசிபிடம்ப் (வந்துபோகும் பாக்கெட்களைக் காட்டும் கருவி) ஓடவிட்டு யுடிபி 67, 68, 69, 4011 போர்ட்களை மட்டும் பாருங்கள். பின்வரிசையில் ஒரே ஒரு கிளையன்டை ஆன் செய்து, அதன் மேக் முகவரியிலிருந்து டிஸ்கவர் (ஐபி கேட்கும் முதல் பாக்கெட்) வருகிறதா பாருங்கள். பிறகு அதே கிளையன்டின் கேபிளை முன் ஸ்விட்சில் செருகி மறுபடி.

பூண்டி லேப்:

பார்த்தேன். பின் ஸ்விட்சில் இருக்கும்போது முதல் அரை நிமிடம் சர்வருக்கு ஒரு டிஸ்கவரும் வரவில்லை. அதற்குள் கிளையன்ட் கைவிட்டுவிடுகிறது, உடனே மறுபடி முயன்றால் அப்புறம் வருகிறது. முன் ஸ்விட்சில் உடனே பூட்.

குடந்தை கேபிள்:

அரை நிமிடம் என்றதுமே தெரிந்துவிட்டது: ஸ்பானிங் ட்ரீ, கேபிள்கள் வளையமாகிவிடாமல் ஸ்விட்ச் செய்யும் காவல். உங்கள் பின் ஸ்விட்ச் மேனேஜ்டு, அதாவது உள்ளே போய் அமைப்புகளை மாற்றக்கூடியது. போர்ட்டில் லிங்க் வந்ததும் லிஸனிங் 15 நொடி, லேர்னிங் 15 நொடி, அதுவரை ஒரு பாக்கெட்டையும் விடாது. பிஎக்ஸ்இ முறைப்படி 4, 8, 16, 32 நொடி காத்திருக்க வேண்டும், ஆனால் பல பயாஸ்கள் அதற்கு முன்பே கையை விரித்துவிடும். இன்னொரு சிக்கல்: பயாஸ் ஒரு தடவை லிங்கை எழுப்பும், ஐபிஎக்ஸ்இ (அடுத்த கட்ட பூட் நிரல்) வந்ததும் கார்டு ரீசெட் ஆகலாம், லினக்ஸ் கெர்னல் டிரைவர் ஏறும்போது இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் அதே 30 நொடி. "சில சமயம் ஏறும்" என்பது இதனால்தான்.

ஸ்விட்சுக்குள் போய், கிளையன்ட் உள்ள போர்ட்களை மட்டும் எட்ஜ் போர்ட் (காத்திருக்காமல் உடனே திறக்கும் போர்ட்) ஆக்குங்கள். சிஸ்கோ என்றால் போர்ட்ஃபாஸ்ட். ராபிட் ஸ்பானிங் ட்ரீக்கு மாற்றினால் போதும் என்று சொல்வார்கள், போதாது. மறுமுனையில் கணினி இருந்தால் அது ஸ்விட்சின் கேள்விக்குப் பதில் சொல்லாது, எட்ஜ் என்று குறிக்காத போர்ட் அதே 30 நொடி காத்திருக்கும். ஸ்பானிங் ட்ரீயை மொத்தமாக அணைக்கவும் வேண்டாம். ஒரு பையன் ஒரே கேபிளின் இரண்டு முனையையும் ஸ்விட்சில் செருகினால் லேப் முழுக்க நின்றுவிடும்.

பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் ஃபேக்டரி ரீசெட். பழைய அலுவலகத்தின் விலேன் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும்) அமைப்புகளும் அதோடு ஒழியும், நல்லதே.

நாகை கரை:

இரண்டாவது பிரச்சினைக்கு ஒரு கேள்வி. அந்த 24 போர்ட் ஸ்விட்சில் முன் ஸ்விட்சுக்குப் போகும் கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது? அந்தக் காலத்து ஸ்விட்ச்களில் 1 முதல் 24 வரை 100 எம்பிபிஎஸ், ஓரத்தில் தனியாக இரண்டு மட்டும் கிகாபிட்.

பூண்டி லேப்:

24ல் இருக்கிறது. ஓரத்து இரண்டும் காலி.

நாகை கரை:

அதுதான். ஒரு கிளையன்ட் டெஸ்க்டாப் வரை சுமார் 400 எம்பி இழுக்கிறது என்று வைத்தால் ஒன்பதுக்கும் 3600. 100 எம்பிபிஎஸ் கம்பியில் நொடிக்கு நடைமுறையில் 11.5 எம்பி கிடைக்கும், ஆக 313 நொடி. உங்கள் ஐந்தாறு நிமிடம் கணக்குக்கு வந்துவிட்டது. கிகாபிட் துளைக்கு மாற்றினால் ஒவ்வொன்றும் தன் 100ஐ முழுதாகப் பெறும், 35 நொடி அளவில் முடியும்.

மாற்றிய பிறகு அந்தத் துளையின் விளக்கை, அல்லது ஸ்விட்சின் அமைப்புப் பக்கத்தில் (பிரவுசரில்) லிங்க் வேகத்தைப் பாருங்கள். இன்னும் 100 என்றால் கேபிளில் நாலு ஜோடியும் கிரிம்ப் ஆகவில்லை. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100க்கு நாலே போதும், அதனால் பழுது வெளியே தெரியாது. கடலோரக் காற்றில் ஆர்ஜே45 பின்களில் பச்சை பூத்தாலும் இதே கதை. சுத்தம் செய்வதைவிட வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்வது மேல். எலி கடித்த இடம் என்றால் ஒட்டுப் போடாமல் முழு கேபிளையும் மாற்றுங்கள்.

எல்லாம் சரியாகியும் மந்தமாக இருந்தால் சர்வர் கார்டில் ஈத்டூல் கட்டளை கொண்டு ஃப்ளோ கன்ட்ரோலை, ஆர்எக்ஸ் (பெறுதல்), டிஎக்ஸ் (அனுப்புதல்) இரண்டையும், அணைத்துப் பாருங்கள். கிகாபிட் சர்வர், 100 எம்பிபிஎஸ் கிளையன்ட் கலப்பில் ஒரு மெதுவான போர்ட் "நிறுத்து" என்று சொல்லி சர்வரையே எல்லோருக்கும் நிறுத்திவிடும். முன்னும் பின்னும் எபோப்டிஸ் என்ற லேப் கண்காணிப்பு மென்பொருளில் உள்ள நெட்வொர்க் பெஞ்ச்மார்க்கை ஓடவிட்டால் வித்தியாசம் எண்ணாகவே தெரியும்.

ஆடுதுறை அட்மின்:

மூன்றாவதை யாரும் தொடவில்லை. பயனர் பட்டியல் எல்டிஎஸ்பி.ஐஎம்ஜி என்ற கோப்புக்குள் போய்த்தான் கிளையன்டுக்கு வரும். கணக்கு சேர்த்ததும் சர்வரில் ரூட்டாக "எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி" கட்டளையை ஓட்டி, கிளையன்டை ரீபூட் செய்ய வேண்டும். எல்டிஎஸ்பி.கான்ஃப் கோப்பை மாற்றினாலும் இதே கட்டளைதான். புது மென்பொருள் நிறுவினால் மட்டும் "எல்டிஎஸ்பி இமேஜ்". கணக்கு சேர்ப்பதற்கெல்லாம் இமேஜ் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். அப்புறமும் ஏற்காவிட்டால் சர்வரின் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) அமைப்பில் பாஸ்வேர்ட் உள்நுழைவு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். கடவுச்சொல் சோதனை அந்த வழியாகத்தான் நடக்கிறது.

கேட்காத ஒன்று: இரண்டு ஸ்விட்ச், ரூட்டர், சர்வர் நாலும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். பயாஸில் கரண்ட் திரும்பியதும் சர்வர் தானாக எழ வேண்டும், கிளையன்ட்கள் அணைந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்வர் எழுமுன் இருபதும் கேட்டு ஓய்ந்துவிடும். கரண்ட் போய் வந்தபின் ஒன்றிரண்டு மட்டும் பூட்டபிள் டிவைஸ் இல்லை என்றால், பயாஸ் அமைப்புகளை நினைவில் வைக்கும் சிமாஸ் பேட்டரி, சிஆர்2032. மீட்டரில் 3 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், 2.7க்குக் கீழே என்றால் மாற்றிவிட்டு நெட்வொர்க் பூட்டை மறுபடி முதலில் வையுங்கள்.