ஆண் முன்பள்ளி ஆசிரியர்கள்: நோர்வேயில் கண்டதும் இங்கிலாந்தில் கண்டதும்

பேர்கன்_மழை:
மூத்தவள் லண்டனில் நர்சரிக்குப் போன காலத்தில் அங்கே ஓர் ஆண்கூட வேலையில் இல்லை. எனக்கும் அது உறைக்கவில்லை. நோர்வேயின் பேர்கன் நகருக்கு வந்து சின்னவனைப் பார்னஹாகேயில் (இங்கே முன்பள்ளிக்கு அதுதான் பெயர்) சேர்த்த அன்று கதவைத் திறந்தவர் தாடிக்கார இளைஞர். இடுப்பில் அழுகிற பிள்ளை, கையில் இன்னொரு பிள்ளையின் சேறு படிந்த மழைக்காற்சட்டை. என் மகனிடம் குனிந்து, "உன் கொக்கி எது, தேடுவோமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், பிள்ளை என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். நோர்வேயில் பார்னஹாகே ஊழியர்களில் ஏறக்குறைய 10 பேருக்கு ஒருவர் ஆண். இங்கிலாந்திலோ 100-க்கு 3 பேர் அளவில்தான். ஏன் இந்த வித்தியாசம்? இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஒஸ்லோ_சித்தப்பா:
நான் ஒஸ்லோவில் பார்னஹாகே உதவியாளர். நோர்வே ஆண்களுக்குப் பிள்ளைப்பாசம் கூட என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் அக்கா. அரசு மெனக்கெட்டது, அதுதான் விஷயம். 1990களிலேயே ஊழியர்களில் 20 சதவீதம் ஆண்கள் என்று இலக்கு வைத்தார்கள். தகுதி சமமாக இருந்தால் ஆணுக்கு முன்னுரிமை தரலாம் என்று 1998-ல் விதியும் வந்தது. அப்பாக்களுக்கென்றே ஒதுக்கிய பெற்றோர் விடுப்பு 1993 முதல் இருக்கிறது. தன் பிள்ளைக்கு நாப்பி மாற்றிப் பழகிய அப்பா, நான் மாற்றுவதைப் பார்த்து ஏன் முறைக்கப் போகிறார்?

இத்தனை செய்தும் அந்த 20 எட்டாக்கனிதான். இன்னொன்று, ஆண் என்றதும் மரம் ஏறவும், காட்டுக்குப் போகிற நாளில் பிள்ளைகளோடு கத்தியால் குச்சி சீவவும் எங்களைத் தள்ளிவிடுவார்கள். எனக்கோ உள்ளே உட்கார்ந்து கதை வாசிக்கத்தான் ஆசை. மைனஸ் பத்தில் யார் வெளியே நிற்பது!

நர்சரி_மாமா:
நான் இங்கிலாந்துப் பக்கம். முதலில் சம்பளம். குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டித்தான் கிடைக்கும். வீட்டு வாடகையைப் பார்த்துவிட்டுக் கிடங்கு வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். சரி, பெண்களுக்கும் அதே சம்பளம்தானே என்பீர்கள். ஆமாம், ஆனால் சந்தேகம் எங்களுக்கு மட்டும்தான். டிபிஎஸ் சான்றிதழ், அதாவது குற்றப் பின்னணி சோதித்த சான்றிதழ், எல்லோரும்தான் எடுக்கிறோம். அப்படியும் ஒரு தாய், "அவர் என் மகளுக்கு நாப்பி மாற்ற வேண்டாம்" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டார். இங்கே எல்லோருக்கும் ஒரே முறை என்று மேலாளர் சொல்லியிருக்கலாம். அதை விட்டு, நாப்பி அட்டவணையிலிருந்து என் பெயரையே எடுத்துவிட்டார். அந்தக் குழந்தைக்கு மட்டுமல்ல, எல்லாக் குழந்தைகளுக்கும்! என் பங்கு வேலையும் மற்ற அக்காமார் தலையில் விழுந்தது. அவர்களுக்கு என் மேல் கோபம் வராமல் என்ன செய்யும்?

அப்புறம் இன்னோர் ஆண் வேலைக்குச் சேர்ந்தார். பெற்றோர் என்னை உற்றுப் பார்ப்பது குறைந்தது. ஒருவன் மட்டும் இருந்தால்தான் வேடிக்கைப் பொருள். ஆள் எடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இரண்டு_பிள்ளை_அம்மா:
நானும் நோர்வேதான். என் கணவர் இங்கே மூன்று வருடம் படித்து முன்பள்ளி ஆசிரியர் ஆனவர். எங்கள் சொந்தக்காரர்கள் இன்னும், "பெரிய பள்ளிக்கு எப்போது மாறுவார்?" என்றுதான் கேட்கிறார்கள். நாடு மாறினாலும் நம் ஆட்கள் மாறவில்லை.

வழிப்போக்கன்:
ஆணுக்கு முன்னுரிமை என்றால், படித்த பெண்ணுக்கு அது அநியாயம் இல்லையா?

ஒஸ்லோ_சித்தப்பா:
சமமான தகுதி இருந்தால் மட்டும்தான் தம்பி. அவள் என்னைவிட ஒரு படி மேலே என்றால் வேலை அவளுக்குத்தான். நானே அப்படி ஓர் இடத்தை விட்டிருக்கிறேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.