நான்காவது தூக்கில் முதுகைப் பார் (சேலம் அம்மாப்பேட்டை வீடு, குடும்பக் குழு)

தம்பி: [காணொளி] 100 கிலோ டெட்லிஃப்ட் (எடை மாட்டிய கம்பியை, அதாவது பாரை, தரையிலிருந்து தூக்கி நிமிர்வது), ஐந்து முறை! நேற்று மாலை ஜிம்மில் எடுத்தது.

சித்தி: அருமை தங்கம். ஆனால் பாரை வைத்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டாயே, வலித்ததா?

தம்பி: லேசாகப் பிடித்துக்கொண்டது சித்தி. இரண்டு நாளில் சரியாகிவிடும்.

பெரிய மாமா: இதைத்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன் மாப்பிள்ளை. இரும்பு தூக்கினால் முதுகு போய்விடும். காலையில் என்னோடு காந்தி ஸ்டேடியத்துக்கு நடக்க வந்தால் போதாதா?

அக்கா: நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன் தம்பி. முதல் மூன்று தூக்கும் சுத்தம். நான்காவதில் பார் தரையை விட்டுக் கிளம்பும் முன்பே இடுப்பு மேலே போய்விடுகிறது, கீழ்முதுகு கூன் விழுகிறது. ஐந்தாவதில் பார் காலை விட்டு ஒரு சாண் முன்னால் நிற்கிறது. மூன்றோடு நீ நிறுத்தியிருக்க வேண்டும்.

தம்பி: பயிற்சியாளர் பக்கத்தில்தான் நின்றார் அக்கா. "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்றார்.

அக்கா: எனக்குக் கோபமே அதில்தான். பக்கத்தில் நிற்பவர் எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது, முதுகைப் பார்க்க வேண்டும். லீ பஜாரில் மூட்டை இறக்குகிறவர்களைக் கவனி. மூட்டையை உடம்போடு அணைத்துத்தான் எடுப்பார்கள். பாரம் உடம்பை விட்டு விலக விலக, அதே 100 கிலோவுக்கு இடுப்பு தாங்க வேண்டியது கூடிக்கொண்டே போகும். அது போய் விழுவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்குகளில் கடைசி இரண்டில். டிஸ்க் பிதுங்கி சிகிச்சைக்கு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு அங்கேதான்.

தம்பி: பெல்ட் கட்டியிருந்தேனே?

அக்கா: வயிற்றை இறுக்கி அழுத்துவதற்கு பெல்ட் ஒரு பிடிமானம், அவ்வளவுதான். வளைந்த முதுகை அது நிமிர்த்தாது.

அக்கா: இன்னொன்று. பாரில் பக்கத்துக்கு நான்காகப் 10 கிலோ பிளேட் (எடை வட்டு) போட்டிருக்கிறாய். போட்டிகளில் பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ., அதனால் பார் தரையிலிருந்து சுமார் 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். சின்ன பிளேட் போட்டால் பார் தாழ்ந்துவிடுகிறது. உன் உயரத்துக்கு நீ அந்த அளவு குனியவே கூடாது. இரண்டு பக்கமும் பலகை வைத்து உயர்த்து. அடி மெத்தென்று இருக்கும் அந்த ஷூவும் வேண்டாம், தட்டையான அடி உள்ளதைப் போடு.

சித்தி: மொட்டை மாடியில் தனியாக மல்லாந்து படுத்துக்கொண்டு தூக்குகிறானே, அது பரவாயில்லையா?

அக்கா: ஐயோ, தனியாகவா? கூடவே கூடாது. கை ஓய்ந்து பார் நெஞ்சில் இறங்கினால் எடுக்க யார் இருக்கிறார்கள்? ஆள் இல்லாத நாளில் டம்பெல் போதும் தம்பி. பாரைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றிப் பிடி.

பெரிய மாமா: பேசாமல் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல் கண்ணு.

அக்கா: சொல்ல மாட்டேன் மாமா. முறையாகச் செய்தால் கால்பந்து ஆடுவதில் படும் காயத்தைவிட இதில் குறைவுதான். வயது ஏற ஏறத் தசை கரைகிறது, எலும்பு மெலிகிறது. நடை மட்டும் அதைத் தடுக்காது. வாரம் 2 நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் உங்கள் வயதும் சேர்த்திதான்.

அக்கா: தம்பி, வலி முதுகோடு நிற்கிறதா, காலுக்கு இறங்குகிறதா?

தம்பி: முதுகில் மட்டும்தான்.

அக்கா: நல்லது. படுத்தே கிடக்காதே, நடமாடு. காலுக்கு இறங்கினாலோ பாதம் மரத்தாலோ உடனே என்னிடம் வா. சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ எனக்குக்கூடக் காத்திருக்காதே, நேராக மருத்துவமனை. வலி போனபின் 60 கிலோவில் தொடங்கு. முதுகு கூன் விழும் இடத்தில் நிறுத்து, அது எத்தனையாவது தூக்காக இருந்தாலும் சரி.

தம்பி: சரி அக்கா. பயிற்சியாளரிடமும் சொல்லிவிடுகிறேன்.

பெரிய மாமா: எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதே, நான் எதைத் தூக்குவது?

அக்கா: டாக்டரிடம் கேட்காமல் எடை எதுவும் வேண்டாம் மாமா. மூச்சை அடக்கித் தூக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும். இப்போதைக்கு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

பெரிய மாமா: செய்து பார்த்தேன் கண்ணு. எழும்போது முழங்கால் இரண்டும் உள்பக்கம் சாய்கிறது என்கிறாள் உன் அத்தை.

அக்கா: அத்தை சரியாகப் பார்த்திருக்கிறார். பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, முழங்காலும் அந்தப் பக்கமே போக வேண்டும். நாற்காலியில் போர்வையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். அத்தை எதிரிலேயே நிற்கட்டும்.