தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயம்: 1707-ஆ, 1718-ஆ?

கேள்வி: இந்த ஆலயம் கட்டிய ஆண்டை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அதே ஊரிலுள்ள சியோன் ஆலயம் இன்னும் பழையது என்றும் கேள்விப்பட்டேன். எது சரி?

பதில் 1: இரண்டு ஆண்டும் சரி, கட்டடம்தான் வேறு. 1706 ஜூலையில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, 1707 ஆகஸ்டில் முதல் எருசலேம் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். இப்போது நிற்பதற்கு 1717 பிப்ரவரியில் அடிக்கல் போட்டு, 1718 அக்டோபர் 11-இல் பிரதிஷ்டை நடந்தது. பெயரில் உள்ள ‘புது’ அதனால்தான். சியோன் ஆலயம் 1701-இல், அப்போது தரங்கம்பாடியை ஆண்ட டேனியர்கள் (டென்மார்க்காரர்கள்) தங்களுக்கென்று கட்டியது.

பதில் 2: முகப்பை நிமிர்ந்து பாருங்கள். கிரீடத்துக்குக் கீழே பின்னிக் கிடக்கும் எழுத்துகள் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை. சீகன்பால்கு இறந்தது 1719 பிப்ரவரியில். பிரதிஷ்டை முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை! அவர் கல்லறை இந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது.

பதில் 3: ஆண்டைப் பற்றி அல்ல, பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாதிரி கடலோரச் சுண்ணாம்புச் சுவரில் தயவுசெய்து சிமெண்ட் பூச விடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு உள்ளேயே படிகமாகி, செங்கல் பொடிப்பொடியாக உதிரும். மேல்பூச்சு மட்டும் பலகைபோல் உப்பிக்கொண்டு நிற்கும். கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இணைப்புகளைச் சுரண்டி, சுவரை நன்றாக உலர விடுங்கள். பிறகு நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்றுமணல் மூன்று பங்கு. மெல்லிய பூச்சுகளாகப் போட்டு, ஈரச்சாக்கு மூடிக் காயவிட வேண்டும். வெயிலில் அவசரமாகக் காய்ந்தால் வெடிப்பு நிச்சயம். மேலே பிளாஸ்டிக் பெயிண்டும் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளையே போதும்.